களி தின்றால் மார்பில் கட்டி வராதா? கால்சியத்தையும் மார்பகப் புற்றுநோயையும் பற்றி ஆய்வுகள் சொல்வது

பென்னாகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் சித்தி வீட்டில் இன்றும் வாரத்தில் நான்கு நாளாவது ராகிக் களிதான். உலையில் நொய் வெந்து மசிந்ததும் மாவை நடுவில் குவித்துக் கொட்டி, கோலால் ஒரு துளை போட்டு, தண்ணீர் அந்தத் துளை வழியே கொதித்து மேலே வரும்வரை மூடிவைப்பார். பிறகு பாத்திரத்தை இரண்டு காலாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, மாவு கட்டி தட்டாமல் கிண்டி, ஈரக் கையால் உருட்டி வைப்பார். சென்ற மாதம் அப்படி உருட்டிக்கொண்டிருக்கும்போதுதான் கேட்டார்: "களி திங்கறவங்களுக்கு மாருல கட்டி வராதாமே, செல்போன்ல போட்டிருந்தாங்க. நெசமா கண்ணு?"

ஒற்றை வரிக் கேள்விதான் என்றாலும் அதற்குள் மூன்று கூற்றுகள் அடங்கியிருக்கின்றன. ராகியில் கால்சியம் மிகுதி என்பது முதலாவது; அது உண்மை. கால்சியம் மிகுந்த உணவை உண்ணும் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் குறைவாக வருகிறது என்பது இரண்டாவது. அது பாதி உண்மை, அந்தப் பாதியையும் பல நிபந்தனைகளோடுதான் சொல்ல வேண்டும். ஆகவே களி தின்பவர்களுக்கு அந்நோய் வராது என்பது மூன்றாவது; அது தவறு. செல்போனில் பரவும் செய்திகள் முதலாவதிலிருந்து மூன்றாவதுக்கு ஒரே தாவாகத் தாவிவிடுகின்றன. இரண்டாவது கூற்றைப் பற்றித்தான் நாற்பது ஆண்டுகளாக ஆய்வாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கட்டுரையும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

நோயின் அளவை முதலில் சொல்லிவிடலாம். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் ஏற்பட்டது. சுமார் 98,000 பேர் அந்நோயால் இறந்தனர். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இன்று முதலிடம் இதற்கே. மேற்கு நாடுகளோடு ஒப்பிட்டால் நம் பெண்களுக்கு இது ஏறக்குறைய பத்தாண்டு முன்னதாகவே, நாற்பதுகளிலும் ஐம்பதுகளின் தொடக்கத்திலும் வருகிறது. இந்த வயது விவரத்தை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கால்சியம் தொடர்பான ஆய்வுகளில் மாதவிடாய் நிற்பதற்கு முன், நின்றபின் என்ற பிரிவு திரும்பத் திரும்ப வரும்.

உடலில் உள்ள கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் இருக்கும்போது, அதற்கும் மார்பகத்துக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். பால் கொடுக்கும் தாயை நினைத்துப் பார்த்தால் தொடர்பு விளங்கிவிடும். ஒரு நாளைக்குச் சுமார் 200 முதல் 300 மில்லிகிராம் கால்சியம் தாயின் உடலிலிருந்து பாலாகக் குழந்தைக்குப் போகிறது. இந்தக் கணக்கை நடத்துவதற்காக மார்பகத்தின் பால் சுரக்கும் செல்கள், தம்மைச் சூழ்ந்துள்ள கால்சியத்தின் அளவை அறியும் ஓர் உணர்வானைத் தம் மேற்பரப்பில் கொண்டிருக்கின்றன. கால்சியம் குறைந்தால் அவை ஒரு ஹார்மோனைச் சுரந்து எலும்பிலிருந்து கால்சியத்தை வரவழைத்துக்கொள்ளும். போதுமான அளவு வந்ததும் அந்தச் சுரப்பை நிறுத்திக்கொள்ளும். இயல்பான செல்லில் இப்படிக் கடிவாளமாக இருக்கும் இதே உணர்வான், புற்றுநோய்ச் செல்லில் தலைகீழாக நடந்துகொள்வதை ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள்: அங்கே கால்சியம் கூடக் கூட அந்த ஹார்மோனும் கூடுகிறது. ஆக, மார்பகத் திசுவுக்குக் கால்சியம் அந்நியப் பொருள் அன்று. செல் பெருகுவதையும் முதிர்வதையும் கட்டுப்படுத்தும் சைகைகளில் அதுவும் ஒன்று. எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்து கால்சியமும் வைட்டமின் டியும் குறைந்த உணவைக் கொடுத்தபோது மார்பகச் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகியதும், அவ்விரண்டையும் கூட்டிக் கொடுத்தபோது அது தணிந்ததும் இந்த ஐயத்துக்கு முதலில் விதை போட்டவை.

ஆனால் எலியின் கூண்டில் உணவைத் தீர்மானிப்பவர் ஆய்வாளர். மனிதரிடம் அது நடக்காது. அதனால் ஆயிரக்கணக்கான பெண்களிடம் என்ன உண்கிறீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, பத்து இருபது ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்து, யாருக்கு நோய் வந்தது என்று பார்ப்பதுதான் வழக்கமான வழி. அமெரிக்கச் செவிலியர் நலன் ஆய்வு என்ற புகழ்பெற்ற தொடர் ஆய்வில் 88,691 பெண்களை 16 ஆண்டுகள் கவனித்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். மாதவிடாய் நிற்காத பெண்களில், பால் பொருள்கள் வழியாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் பெற்றவர்களுக்கு, 200 மில்லிகிராமும் அதற்குக் கீழும் பெற்றவர்களைவிட மார்பகப் புற்றுநோய் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைவாக இருந்தது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. 2007இல் வெளிவந்த மற்றொரு அமெரிக்க ஆய்வும் கிட்டத்தட்ட இதே கோலத்தைத்தான் காட்டியது. 2005இல் வெளிவந்த இன்னொன்று மட்டும் சற்று விலகி, மாதவிடாய் நின்ற 68,567 பெண்களிலும் உணவுக் கால்சியம் மிகுந்தவர்களுக்கு நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்றது. ஆனால் மாத்திரையாக விழுங்கிய கால்சியத்துக்கு அந்தப் பயன் இல்லை என்று அதே ஆய்வு குறிப்பிட்டது. உணவில் இருப்பதற்கும் மாத்திரையில் இருப்பதற்கும் இடையிலான இந்த வேறுபாட்டை வாசகர் மறக்கக் கூடாது.

இப்படிப்பட்ட 11 தொடர் ஆய்வுகளை, ஏறக்குறைய 8,73,000 பேரையும் 26,606 நோயாளிகளையும் கொண்டவற்றை, ஒன்றாகச் சேர்த்து 2016இல் ஒரு தொகுப்பாய்வு செய்தார்கள். கால்சியம் மிக அதிகமாக உண்டவர்களுக்கு மிகக் குறைவாக உண்டவர்களைவிட 8 விழுக்காடு ஆபத்து குறைவு; மாதவிடாய் நிற்காதவர்களில் அது 25 விழுக்காடு. நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் கூடும்போது மொத்தத்தில் 2 விழுக்காடும், மாதவிடாய் நிற்காதவர்களில் 8 விழுக்காடும் குறைவதாக அவர்கள் கணக்கிட்டார்கள். நம் பெண்களுக்கு இந்நோய் இளம் வயதிலேயே வருவதால், மாதவிடாய் நிற்காதவர்களிடம் தெரியும் இந்தக் குறைவு நமக்குக் கூடுதலாகப் பொருந்தும் என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால் இந்தத் தொடர் ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை என்பதையும், அங்கே குறைவாக உண்பவர் என்று எண்ணப்படுபவரின் தட்டு நம் ஊரில் நிறைவான தட்டாக இருக்கக்கூடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உலக நாடுகளின் கால்சிய உணவளவைத் தொகுத்த ஒரு மதிப்பாய்வு, ஆசிய நாடுகள் பலவற்றில் சராசரி 500 மில்லிகிராமுக்கும் கீழே என்றும், ஐஸ்லாந்தில் 1,233 மில்லிகிராம் என்றும் காட்டுகிறது.

விழுக்காடுகளைப் படிக்கும்போது ஏமாந்துவிடக் கூடாது. 25 விழுக்காடு குறைவு என்றதும் நான்கு பெண்களில் ஒருவர் தப்பிவிட்டார் என்று மனம் கணக்குப் போடுகிறது. உண்மைக் கணக்கு அதுவன்று. இந்தியப் புற்றுநோய்ப் பதிவேடுகளின் 2020ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 74 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 29 பெண்களில் ஒருவருக்கு. அதாவது ஆயிரம் பெண்களில் ஏறக்குறைய 34 பேர். தொகுப்பாய்வு சொல்லும் 8 விழுக்காட்டை அப்படியே ஏற்று, அந்த ஆயிரம் பேரும் குறைந்த உணவிலிருந்து மிகுந்த உணவுக்கு மாறிவிட்டதாக வைத்துக்கொண்டாலும், 34 என்பது 31 ஆகும். மூன்று பெண்கள் சிறிய எண்ணிக்கை அல்லர். அவர்களுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும் அதுவே எல்லாம். ஆனால் மீதமுள்ள 31 பேரும் களி தின்றவர்களாகவே இருப்பார்கள் என்பதைச் சித்தியிடம் சொல்லியாக வேண்டும்.

அந்த மூவராவது கால்சியத்தால்தான் தப்பினார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா என்பது அடுத்த கேள்வி. பாலும் கீரையும் தவறாமல் உண்ணும் பெண் பெரும்பாலும் நடைப்பயிற்சியும் செய்கிறார், மது அருந்துவதில்லை, மருத்துவரிடம் நேரத்தோடு போகிறார். நன்மை எதனால் வந்தது என்று பிரித்தெடுப்பது எளிதன்று. இந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்கான நேரான வழி, சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கால்சிய மாத்திரையும் மறு பிரிவுக்கு அதைப் போலவே தோன்றும் வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்ப்பதாகும். அமெரிக்காவில் மகளிர் நல முன்முயற்சி என்ற பெயரில் அதைச் செய்தார்கள். மாதவிடாய் நின்ற, 50 முதல் 79 வயது வரையுள்ள 36,282 பெண்கள். நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியமும் 400 அலகு வைட்டமின் டியும். சராசரியாக ஏழு ஆண்டுகள். 2008இல் வெளிவந்த முடிவின்படி மாத்திரை உண்டவர்களில் 528 பேருக்கும் வெற்று மாத்திரை உண்டவர்களில் 546 பேருக்கும் பரவக்கூடிய வகை மார்பகப் புற்றுநோய் வந்தது. இந்த வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடியது. மறுபுறம், மாத்திரை உண்டவர்களுக்குச் சிறுநீரகக் கல் 17 விழுக்காடு அதிகமாக இருந்தது. அதே பெண்களை இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து 2024இல் வெளியிட்ட கணக்கில் புற்றுநோய் மரணங்கள் 7 விழுக்காடு குறைந்தும், இதய, இரத்தக் குழாய் நோய் மரணங்கள் 6 விழுக்காடு கூடியும் இருந்தன. ஒரு கையில் கொடுத்து மறு கையில் வாங்கிக்கொண்ட கதைதான்.

இத்துடன் கால்சியத்தின் கதை முடிந்தது என்று சிலர் எழுதினார்கள். நான் அப்படிக் கருதவில்லை. அந்தப் பெண்கள் ஆய்வுக்கு வரும்போதே நாளொன்றுக்குச் சராசரியாக 1,100 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் பெற்றுக்கொண்டிருந்தவர்கள். பலர் தாமாகவே கடையில் வாங்கி மாத்திரையும் விழுங்கிக்கொண்டிருந்தார்கள். நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றிவிட்டுக் குடம் நிறையவில்லையே என்று சொல்வது போன்றது அது. சொந்தமாக மாத்திரை வாங்கி உண்ணாத பெண்களை மட்டும் தனியே பிரித்து 2011இல் ஒரு குழு மறுபடியும் கணக்கிட்டபோது, மார்பகப் புற்றுநோய் 14 முதல் 20 விழுக்காடு வரை குறைந்திருந்தது தெரிந்தது. ஆனால் ஆய்வு முடிந்தபின் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் பார்க்கும் இத்தகைய கணக்குகளை முழுதாக நம்புவதும் ஆகாது. மேலும், இளம் வயதுப் பெண்களிடம் இப்படிப்பட்ட பெரிய சோதனை நடந்ததில்லை. நோய் உருவாகப் பத்து இருபது ஆண்டுகள் ஆகும்போது, அறுபது வயதில் தொடங்கிய மாத்திரை முப்பது வயதில் தொடங்கிய மாற்றத்தைத் தடுக்கும் என்று எதிர்பார்ப்பதே கொஞ்சம் பேராசைதான். வைட்டமின் டி மட்டும் நாளொன்றுக்கு 2,000 அலகு கொடுத்து, 25,871 பேரிடம் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நடத்திய இன்னொரு சோதனையிலும் மார்பகப் புற்றுநோய் குறையவில்லை.

பாலைப் பற்றிய குழப்பம் இன்னும் சுவையானது. சீனாவில் பத்துப் பகுதிகளில் ஐந்து லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் 2022ஆம் ஆண்டு முடிவு, நாள்தோறும் 50 கிராம் பால் பொருள் கூடும்போது மார்பகப் புற்றுநோய் 17 விழுக்காடு கூடுவதாகக் காட்டியது. அமெரிக்காவில் செவிலியர்களைக் காத்ததாகத் தோன்றிய பால், சீனப் பெண்களிடம் எதிர்த் திசையில் நின்றது. பாலில் கால்சியம் மட்டும் இல்லை. கொழுப்பும், புரதமும், உடலில் செல் வளர்ச்சியைத் தூண்டும் காரணிகளை இரத்தத்தில் உயர்த்தும் தன்மையும் இருக்கின்றன. அதோடு, சீனாவில் பால் வாங்கிக் குடிப்பவர் பெரும்பாலும் நகரத்து வசதிக்காரர். தாமதமாகத் திருமணம், குறைந்த குழந்தைகள், கூடுதல் எடை என்று நோயைக் கூட்டும் மற்றவையும் அவரோடு வரும், எவ்வளவுதான் கணக்கில் சரிக்கட்டினாலும் மிச்சம் இருக்கும். 21 தொடர் ஆய்வுகளையும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களையும் ஒருங்கே சேர்த்து 2021இல் வெளிவந்த கூட்டு ஆய்வு, பால் பொருள்களுக்கோ உணவுக் கால்சியத்துக்கோ மொத்த மார்பகப் புற்றுநோயோடு தெளிவான தொடர்பு இல்லை என்று முடித்தது. உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் 2018இல் எல்லாவற்றையும் எடைபோட்டு, கால்சியம் மிகுந்த உணவு மார்பகப் புற்றுநோயைக் குறைக்கலாம் என்பதற்கான சான்று வரம்புக்குட்பட்டது, குறிப்பாக உணர்த்துவது மட்டுமே என்ற படியில் வைத்தது. இதே கால்சியத்துக்குப் பெருங்குடல் புற்றுநோயில் அதைவிட ஒரு படி மேலான இடம் கிடைத்திருக்கிறது. பாலை அஞ்சி நிறுத்துவதற்கும் காரணம் இல்லை, மருந்தாக நினைத்து லிட்டர் கணக்கில் குடிப்பதற்கும் காரணம் இல்லை என்பதே இன்றைய நிலையில் நான் எடுக்கும் முடிவு.

இனி நம் தருமபுரி மாவட்டத் தட்டுக்கு வரலாம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் எட்டுகூட இல்லை. சித்தி உருட்டும் களியில் ஒருவருக்கு 150 கிராம் மாவு போகிறது என்று வைத்துக்கொண்டால் அதிலேயே 540 மில்லிகிராமுக்கு மேல் வந்துவிடுகிறது. கூடவே முருங்கைக் கீரை 50 கிராம் என்றால் 150க்கு மேல், ஒரு டம்ளர் பசும்பால் என்றால் 240க்குக் கொஞ்சம் குறைவு, எள்ளுப்பொடி ஒரு கரண்டி என்றால் நூறு சொச்சம். கொள்ளுச் சாறும் அகத்திக் கீரையும் சேரும் நாளில் இன்னும் மிகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வயதுவந்த பெண்களுக்குப் பரிந்துரைத்த 1,000 மில்லிகிராமை இந்தத் தட்டு எளிதாகத் தொட்டுவிடும். மாத்திரை வாங்க வேண்டிய தேவையே எழாது. அதே பெண் மூன்று வேளையும் சோறு உண்டால், 300 கிராம் அரிசியில் அவருக்குக் கிடைப்பது 22 மில்லிகிராம்தான்.

இதில் ஒரு கழிவையும் போட வேண்டும். கேழ்வரகின் தோலில் உள்ள பைட்டேட்டும் துவர்ப்புப் பொருளும் கால்சியத்தின் ஒரு பகுதியைப் பற்றிக்கொண்டு குடலிலிருந்து உள்ளே போகவிடாமல் செய்கின்றன. முளைகட்டி அரைப்பதும், முதல் நாள் இரவே கரைத்துப் புளிக்கவிட்டுக் கூழ் காய்ச்சுவதும் இந்தப் பிடியைத் தளர்த்தும். நம் பாட்டிமார் ருசிக்காகச் செய்தார்களா பக்குவம் தெரிந்து செய்தார்களா என்பது வேறு விவாதம். பலன் என்னவோ ஒன்றுதான். பசலைக் கீரை வகையில் ஆக்சலேட் மிகுதி என்பதால் அட்டவணையில் எண் இருந்தாலும் உடலுக்குச் சேர்வது மிகக் குறைவு. வெற்றிலையோடு போடும் சுண்ணாம்பும் கால்சியம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சுண்ணாம்போடு சேரும் பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டு முகமை வகைப்படுத்தியிருக்கிறது; அந்த வழியாகக் கால்சியத்தைத் தேடவே கூடாது.

ஆனால் நான் மேலே வரைந்த தட்டு எத்தனை வீடுகளில் இருக்கிறது? கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் பையூர் ஆராய்ச்சி நிலையம் தன் பெயரிலேயே கேழ்வரகு ரகங்களை வெளியிட்டிருக்கிறது; 2023இல் தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக மாதம் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டமும் வந்தது. இரண்டு கிலோ என்பது மேலே சொன்ன கணக்கில் ஒருவருக்குப் பதின்மூன்று நாள் களிக்குத்தான் வரும். ஒரு குடும்பத்துக்கு மூன்று நான்கு நாள். பாலின் கதை இன்னும் வேடிக்கை. காலை ஐந்தரைக்குச் சொசைட்டி வாசலில் நின்று பார்த்தால் தெரியும்: தூக்குவாளியைச் சாய்த்து ஏழு லிட்டர் ஊற்றும் பெண், அளவுக்காரர் குறித்துக் கொடுக்கும் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு போகிறார்; வீட்டில் மிச்சம் இருப்பது டீக்கு ஆகும் அரை டம்ளர்தான், அதுவும் முதலில் மாமனாருக்கும் பள்ளிக்குப் போகும் பையனுக்கும். மத்திகிரியில் 1824இலிருந்து அரசு கால்நடைப் பண்ணை நடக்கும் பகுதி இது. மாடு வளர்க்கும் கைக்குப் பால் எட்டுவதில்லை என்பதை எந்த உணவுக் கணக்கெடுப்பும் சுலபத்தில் பிடிக்காது.

தருமபுரிக்குக் கால்சியம் வேறொரு காரணத்துக்காகவும் வேண்டும். இந்த மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகளில் பல இடங்களில் புளோரைடு மிகுதி. பல்லில் பழுப்புக் கறை படிந்த தலைமுறைகளை நாம் பார்த்தே வளர்ந்தோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயலுக்கு வந்ததே, புளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் புளோரோசிஸைத் தணிப்பதற்காகத்தான். உணவில் கால்சியம் போதுமான அளவு இருந்தால் குடலிலேயே புளோரைடின் ஒரு பகுதியைப் பிடித்து வெளியேற்றிவிடும். குறைந்தால் எலும்பில் அதன் தாக்கம் கூடும். மார்பகப் புற்றுநோயைக் குறித்த சான்று மங்கலாக இருந்தாலும், இந்தப் பகுதிப் பெண்ணின் எலும்புக்குக் கால்சியம் வேண்டும் என்பதில் மங்கல் ஏதும் இல்லை. களியை விடாதீர்கள் என்று சொல்ல எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

ஒரு தவறான புரிதலை இங்கே விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அதனால் ஒருவர் துன்பப்பட்டதை நேரில் பார்த்தேன். எங்கள் தெருவில் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா, மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுத்த அறிக்கையை நெகிழி உறையில் வைத்துக்கொண்டு வந்து காட்டினார். அதில் கால்சிபிகேஷன் என்ற சொல்லுக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தது. மார்பில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது, நான் விழுங்கிய கால்சிய மாத்திரைதான் அங்கே போய்த் தங்கிவிட்டது என்று அவரே முடிவுகட்டி, மாத்திரையோடு பாலையும் மோரையும் நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அறிக்கையைக் கொடுத்த இடத்தில் யாரும் அவருக்கு விளக்கவில்லை. மார்பகத்தில் தெரியும் சுண்ணாம்புப் புள்ளிகள் உண்ணும் கால்சியத்தால் வருபவை அல்ல. முதிர்ந்த இரத்தக் குழாய், பழைய காயம், நீர்க்கட்டி ஆகியவற்றின் சுவடாகவே பெரும்பாலும் அவை அமைகின்றன. பெரிய, உருண்டையான புள்ளிகள் பொதுவாகத் தீங்கற்றவை. பொடிமணல்போல் ஒரே இடத்தில் கொத்தாகவோ கோடாகவோ தெரிபவையே பால் நாளத்துக்குள் தொடங்கும் புற்றின் அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதால் மருத்துவர் மேலும் சோதிக்கச் சொல்வார். அந்த அக்காவுக்கு இருந்தது முதல் வகை. உணவைக் குறைத்து எந்தப் புள்ளியையும் கரைக்க முடியாது.

இரத்தப் பரிசோதனையைப் பற்றியும் இதே போன்ற மயக்கம் உண்டு. இரத்தத்தில் கால்சியத்தின் அளவை உடல் ஒரு குறுகிய எல்லைக்குள், டெசிலிட்டருக்குச் சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராமுக்குள், கண்ணும் கருத்துமாகப் பிடித்து வைத்திருக்கிறது. உணவில் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துச் சரிக்கட்டிவிடும். ஆகவே இரத்தத்தில் சரியாக இருக்கிறது என்ற சீட்டு, உணவில் போதுமான அளவு இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. நோய் எலும்புக்குப் பரவிய நிலையில் சிலருக்கு இரத்தக் கால்சியம் உயர்வதுண்டு; அது நோயின் விளைவு, உணவின் விளைவு அன்று. சிகிச்சையில் இருக்கும் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைத் தடுக்கும் மாத்திரைகளை ஐந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் கொடுப்பார்கள். அவை எலும்பை மெலிய வைப்பதால் அவர்களுக்குக் கால்சியம் கட்டாயத் தேவை ஆகிவிடுகிறது. எவ்வளவு என்பதை அவர்களுடைய மருத்துவரே சொல்ல வேண்டும்.

கால்சியத்தை மற்றக் காரணங்களோடு வரிசையில் நிறுத்தினால் அது எந்த இடத்தில் நிற்கிறது என்பது தெரியும். 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்து 2002இல் வெளிவந்த கணக்கின்படி, பன்னிரண்டு மாதத் தாய்ப்பால் ஒவ்வொன்றுக்கும் மார்பகப் புற்றுநோய் 4.3 விழுக்காடு குறைகிறது. அதற்கு மேலாக ஒவ்வொரு பிள்ளைப்பேற்றுக்கும் 7 விழுக்காடு. மாதவிடாய் நின்றபின் கூடும் உடல் எடையும், மதுவும், குடும்பத்தில் வரும் மரபணு மாற்றமும் உறுதியாக நிலைநாட்டப்பட்ட காரணங்கள். இவற்றுக்கு முன்னால் கால்சியம் ஓரமாக நிற்கும் ஒன்றுதான். ஒரு தாய் இரண்டு ஆண்டு பால் கொடுப்பதால் கிடைக்கும் பயனை, நாளுக்கு 300 மில்லிகிராம் கூடுதல் கால்சியம் தருவதாகச் சொல்லப்படும் 2 விழுக்காட்டோடு ஒப்பிட்டால் போதும்.

நோய் வராமல் தடுப்பதைவிட, வந்ததை முன்கூட்டிக் கண்டுபிடிப்பதில்தான் நம் பகுதி பின்தங்கியிருக்கிறது என்பது என் கருத்து. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை, குடிசைப் பகுதிகளில் வாழும் 35 முதல் 64 வயது வரையுள்ள 1,51,538 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவில் பயிற்சி பெற்ற சாதாரணப் பெண் பணியாளர்களை அனுப்பி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் மார்பகத்தைச் சோதிக்க வைத்தது. இருபது ஆண்டு முடிவு 2021இல் வெளிவந்தது. முற்றிய நிலையில் கண்டறியப்பட்டவர்கள் சோதிக்கப்பட்ட பிரிவில் 37 விழுக்காடு, மற்றதில் 47 விழுக்காடு. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களில் இந்நோயால் நேர்ந்த மரணம் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைவு. மேமோகிராம் எந்திரம் இல்லை, மாத்திரை இல்லை; வெறும் விரல் நுனிகள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் முதன்முதலில் தொடங்கப்பட்டது கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையோடு வீட்டு வாசலுக்கு வரும் அதே பணியாளரிடம், மார்பைப் பார்க்கச் சொல்லிக் கேட்க நம் பெண்கள் கூச்சப்படுகிறார்கள்.

சித்திக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. களி எலும்புக்கு நல்லது, விடாமல் சாப்பிடுங்கள். கட்டி வராது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். வலி இல்லாத கட்டியோ, காம்பு உள்ளிழுப்பதோ, தோல் ஆரஞ்சுத் தோல்போல் தடிப்பதோ தெரிந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள் என்றேன். உருண்டையைத் தட்டில் வைத்துக் குழியிட்டுக் கீரைக் கடைசலை ஊற்றியபடியே அவர் கேட்டார்: "அந்த நர்சம்மா வியாழக்கெழமதான் வருவாங்க. அவங்ககிட்டயே காட்டலாமா, இல்ல தர்மபுரிக்கே போகணுமா?"

முதலில் அவரிடமே காட்டலாம் என்றேன். அப்புறம்தான் அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு உறைத்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். பொங்கலுக்கு முன்னாடியிலிருந்து என்றார். வியாழக்கிழமைக்குக் காத்திருக்காமல் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இருவரும் தருமபுரிக்குக் கிளம்பினோம்.